விக்டோரியா பொது மண்டபம், சென்னை

விக்டோரியா பொது மண்டபம் சென்னை மாநகரின் முதல் நகர மண்டபம் என்று கருதத்தக்க கட்டடமாகும். ஈ.வெ.ரா. பெரியார் நெடுஞ்சாலையில், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையில் இது அமைந்துள்ளது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவோர் பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் இதன் செந்நிறக் கோபுரத்தைக் காணலாம்.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் தங்கள் செல்வாக்கைக் காட்டப் பெரிய நகர மண்டபங்களை எழுப்பின. லீட்ஸ் (1858), மான்செஸ்டர் (1877) நகர மண்டபங்கள் இவ்வகையின. அங்கே நகராட்சி அலுவலகமும் மக்கள் கூடும் அரங்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. சென்னையிலோ மக்கள் அரங்கே முதலில் வந்தது. மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை 1913இல்தான் திறக்கப்பட்டது.

மண்டபத்துக்கு 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். மன்னர்கள், ஜமீன்தார்கள், வணிகர்கள் ஆகியோரின் நன்கொடையே இதற்கு மூலதனம். 1886இல் பீப்பிள்ஸ் பார்க்கின் 57 கிரவுண்டு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. கிரவுண்டுக்கு எட்டணா வீதம் ஆண்டு வாடகை 28 ரூபாய் 8 அணா. 1887இல் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா நடந்ததால் மண்டபம் அவர் பெயரைப் பெற்றது.

கட்டடக்கலை

வரைபடம் தயாரித்தவர் ராபர்ட் சிசோம். சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லமும் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகமும் அவருடைய படைப்புகளே. கட்டி முடித்தவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்ட இரண்டு தளக் கட்டடம் இது. தளத்துக்கு ஒன்றாக இரண்டு நீள்சதுர அரங்குகள் உள்ளன. மேல் அரங்கில் மரத்தாலான மாடம் உண்டு. பக்கங்களில் வளைவுகள் வரிசையாக அமைந்த தாழ்வாரங்கள் வெயிலையும் மழையையும் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. மின்விசிறி இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடும் இடத்துக்கு இது இன்றியமையாத ஏற்பாடு. சதுரக் கோபுரத்தின் உச்சியில் உள்ள கூம்புக் கூரை திருவிதாங்கூர் பாணியை நினைவூட்டுகிறது. ஐரோப்பிய வளைவும் இந்தியக் கூரையும் இணைந்த இப்பாணி இந்தோ-சாரசனிக் எனப்படும்.

பயன்பாடு

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கு உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கு மேடையேறின. வழக்கறிஞர்களும் படித்தவர்களும் வேடமிட்டு நடித்ததால், நாடகத்தை இழிவாக எண்ணும் மனப்போக்கு குறைந்தது. பம்மல் என்ற ஊர் தாம்பரத்துக்கு அருகில் இருப்பது குறிப்பிடத்தக்கது.

சிதைவும் சீரமைப்பும்

குத்தகைக் காலம் முடிந்தபின் மண்டபத்தின் உரிமை குறித்து அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்கு நடந்தது. மக்கள் பணத்தில் மக்களுக்காக எழுந்த அரங்கு பல ஆண்டுகள் மக்களுக்கே பூட்டிக் கிடந்தது. 2023இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி சீரமைப்புப் பணியைத் தொடங்கியது. இத்தகைய சுவர்களில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உதிரும். எனவே பழைய கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பழுதுபார்க்க வேண்டும். சுவர்களைக் காப்பதோடு, கூட்டங்களும் நாடகங்களும் மீண்டும் நடந்தால்தான் 'பொது மண்டபம்' என்ற பெயர் பொருந்தும்.