பகைவர் ஈந்த காணிக்கை: டிரெஸ்டன் நகர் அன்னை ஆலயம் மீண்ட வரலாறு

திருச்சபை வரலாற்றில் நாம் விரிவாக அறிகின்ற முதல் நிதிதிரட்டும் முயற்சி, எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்கெனப் பவுல் அப்போஸ்தலன் மேற்கொண்ட தர்மப்பணச் சேர்ப்பே எனலாம். இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தின் 8, 9 ஆகிய அதிகாரங்கள் முழுவதும் இதனைப் பற்றியனவே. ஏழைகளின் குறைவு நீங்குவது அச்சேர்ப்பின் ஒரு நோக்கம். புறஜாதியார் சபையும் யூதர் சபையும் ஒரே சரீரம் என்பது வெளிப்படுவது மற்றொரு நோக்கம். ரோமர் 15ஆம் அதிகாரத்தின் இறுதியிலோ, தம் ஊழியம் எருசலேமிலுள்ளோரால் ஏற்றுக்கொள்ளப்படும்படி ஜெபிக்குமாறு அப்போஸ்தலன் வேண்டுகிறார். கொடுப்போர் உளர், பெற்றுக்கொள்வோர் மனம் திறப்பாரோ என்பதே அவருடைய கவலை. கொடுப்பதற்குக் கிருபை தேவை. பெற்றுக்கொள்வதற்கும் கிருபை தேவை. இவ்வுண்மையை நம் காலத்தில் கல்லிலும் சுண்ணாம்பிலும் எடுத்துக்காட்டிய ஒரு வரலாறு உண்டு. அது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நிகழ்ந்தது.

ஆலயமும் அழிவும்

எல்பே ஆற்றங்கரையிலுள்ள டிரெஸ்டன், சாக்சோனி நாட்டின் தலைநகர். அதன் நடுவே 1726 முதல் 1743 வரை கட்டப்பட்ட லுத்தரன் ஆலயம் பிரௌவன்கிர்கே எனப்படுகிறது. நம் அன்னையின் ஆலயம் என்பது இதன் பொருள். அதே இடத்தில் முன்னர் நின்ற இடைக்காலக் கோயிலின் பெயர் சீர்திருத்தத்திற்குப் பின்னும் நிலைத்துவிட்டது. கியோர்க் பேர் என்னும் கட்டடக்கலைஞர் முழுவதும் கல்லாலேயே அமைந்த பெருங்கவிகையைத் திட்டமிட்டார். பணி முடியுமுன் 1738இல் காலமானார். சில்பர்மான் அமைத்த ஆர்கனை 1736 டிசம்பர் 1ஆம் நாள் யோஹான் செபாஸ்டியன் பாக் இங்கு வாசித்தார்.

1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவில் பிரிட்டிஷ் விமானங்களும், தொடர்ந்து அமெரிக்க விமானங்களும் டிரெஸ்டன்மீது குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 25,000 மக்கள் மாண்டனர் என வரலாற்றறிஞர் குழு பின்னர் முடிவுகண்டது. இரண்டு இரவும் ஒரு பகலும் நெருப்பின் நடுவே நின்ற ஆலயம், வெப்பத்தால் தூண்கள் வலுவிழக்க, 15ஆம் நாள் முற்பகலில் இடிந்து விழுந்தது. ஆயினும் இக்கதையை இந்த இரவிலிருந்து தொடங்குவது நேர்மையாகாது. 1938 நவம்பர் 9ஆம் நாள் இதே நகரின் யூத ஜெப ஆலயம் எரிக்கப்பட்டது. 1940 நவம்பர் 14ஆம் நாள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரும் அதன் பேராலயமும் ஜெர்மானியக் குண்டுகளால் அழிந்தன. விதைத்ததும் அறுத்ததும் ஒரே தீதான்.

இடிபாட்டின் சாட்சி

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஆலயம் கற்குவியலாகவே கிடந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியாளர் 1966இல் அதனைப் போருக்கு எதிரான நினைவுச்சின்னமாக அறிவித்தனர். அரசின் சின்னம் மெல்ல மெல்ல மக்களின் சின்னமாயிற்று. 1982 பிப்ரவரி 13ஆம் நாள் இளைஞர் பலர், அருகிலுள்ள திருச்சிலுவை ஆலயத்தில் கூடியபின், இடிபாட்டின்முன் மெழுகுவர்த்தி ஏந்தி அமைதியாக நின்றனர். படைக்கலப் போட்டியை எதிர்த்து அரசின் அனுமதியின்றி எழுந்த சாட்சி அது. இவ்வாறு இடிபாடே ஒரு பிரசங்கபீடமாகிவிட்டது.

இந்நிலையில், பெர்லின் சுவர் வீழ்ந்த சில மாதங்களில், 1990 பிப்ரவரி 13ஆம் நாள், "டிரெஸ்டனிலிருந்து ஓர் அழைப்பு" என்னும் வேண்டுகோள் வெளியாயிற்று. எக்காளக் கலைஞர் லுட்விக் கியூட்லர் முன்னின்ற சிறு குழுவினர் அதனை விடுத்தனர். ஆலயத்தை மீண்டும் கட்ட உலகத்தார் உதவ வேண்டும் என்றும், போரில் வென்ற நாடுகளும் கைகொடுக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். குண்டு வீசியவரிடமே கல்லுக்குக் காசு கேட்ட வேண்டுகோள் அது.

திருச்சபையின் தயக்கம்

இதனை முதலில் எதிர்த்தோருள் சாக்சோனி லுத்தரன் திருச்சபையே இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. பேராயர் யோஹன்னஸ் ஹெம்பலின் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. இடிபாடு பேசுகின்ற பிரசங்கத்தைப் புதுக்கட்டடம் வாயடைத்துவிடாதா? நாடெங்கும் கூரை ஒழுகும் ஆலயங்கள் காத்திருக்க, சுருங்கிவரும் சபைக்கு இப்பெரிய மாளிகை எதற்கு? சபைப் பொறுப்பில் இருப்போர் எவரும் இக்கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். சினாடு கூடி விவாதித்து, 1991 மார்ச்சில்தான் இசைவு தந்தது. நகர மன்றம் 1992இல் ஆதரித்தது. தயங்கியபின் வந்த இந்த இசைவு, திட்டத்தைப் பழம்பெருமையின் மீட்சியாக நில்லாமல் ஒப்புரவின் பணியாக உருப்பெறச் செய்ததெனக் கருத இடமுண்டு.

காசு வந்த வழிகள்

1993 ஜனவரியில் இடிபாட்டை அகற்றும் பணி தொடங்கிற்று. 1994 மே 27ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 18 கோடி யூரோ. அதில் 10 கோடிக்கு மேற்பட்ட தொகை நன்கொடையாகவே வந்தது. எஞ்சியதைப் பொதுநிதியிலிருந்து அளித்தனர். பெருநிறுவனங்கள் கொடுத்தன, எளிய மக்களும் கொடுத்தனர். ஒரு கல்லையோ ஓர் இருக்கையையோ தம் பெயரில் ஏற்று நன்கொடையாளர் சான்றிதழ் பெறும் ஏற்பாடு இருந்தது. இடிபாட்டின் சிறு கல்துண்டு பதித்த கைக்கடிகாரங்கள் விற்கப்பட்டன. கியூட்லர் ஊர் ஊராக இசைநிகழ்ச்சிகள் நடத்தி நிதி சேர்த்தார்.

ஆனால் தொகையைக் காட்டிலும் கொடுத்தவர் யார் என்பதே முக்கியமானது. பிரிட்டனில் ஆலன் ரசல் என்பார் 1993இல் டிரெஸ்டன் அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். கவிகையின் உச்சியில் நிற்கும் பொற்கோளமும் சிலுவையும் பிரிட்டிஷ் மக்களின் காணிக்கை. அவற்றைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, டிரெஸ்டன்மீது குண்டு வீசச் சென்ற விமானிகளுள் ஒருவர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் சிலுவை டிரெஸ்டன் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2004 ஜூன் 22ஆம் நாள் உச்சியில் ஏற்றப்பட்டது. தந்தை அழிக்கச் சென்ற நகருக்கு மகன் சிலுவை செய்துகொடுத்தார்.

சிறுவயதில் அகதியாகச் சென்ற வழியில், அழிவிற்குச் சில நாள் முன்னதாக டிரெஸ்டனைக் கண்டவர் குன்ட்டர் புளோபெல். பின்னாளில் அமெரிக்காவில் ஆய்வு செய்து 1999இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்ற அவர், அத்தொகையை அன்னை ஆலயத்திற்கும் நகரின் புதிய யூத ஜெப ஆலயத்திற்கும் ஈந்தார். ஆலயத்தை எழுப்பியபோது ஜெப ஆலயத்தை மறவாத கொடை அது. ஜெப ஆலயம் 2001 நவம்பர் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. போலந்தின் கோஸ்டின் ஊராரும், நாசி ஆட்சியில் தம் ஊர் மக்கள் டிரெஸ்டனில் கொல்லப்பட்டிருந்தும், ஆலயத்தின் வெளிச்சிகரத்திற்குரிய கல்லாலான தீக்கலசம் ஒன்றைக் கொடுத்தனர்.

இவையனைத்திற்கும் முன்னோடியான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1965இல் கவென்ட்ரியிலிருந்து இளைஞர் சிலர் டிரெஸ்டனுக்கு வந்து, குண்டுவீச்சில் சிதைந்த தியாக்கோனியர் மருத்துவமனையைக் கட்டியெழுப்பத் தம் உடலுழைப்பைத் தந்தனர். நோயாளியின் கட்டில் முந்தியது. ஆலயத்தின் கவிகை பின்னர் வந்தது. இவ்வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம். எனினும் நமக்கு அது ஒரு பாடம்.

கருங்கல்லும் வெண்கல்லும்

இடிபாட்டிலிருந்து ஏறத்தாழ 8,500 கற்கள் மீட்கப்பட்டு, அவற்றுள் 3,800 அளவில் மீண்டும் சுவரில் பதிக்கப்பட்டன. பழைய கற்கள் கறுத்திருக்கின்றன, புதியவை வெளிறியிருக்கின்றன. காண்போர் கண்ணுக்கு வடு தெரியும்படியே சுவர் நிற்கிறது. இடிபாட்டில் கிடைத்த, நெளிந்த பழைய சிலுவை ஆலயத்தினுள் வைக்கப்பட்டுள்ளது. கட்டடம் பிரசங்கத்தை வாயடைத்துவிடும் என்ற அச்சத்திற்கு இது ஒரு விடை. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்காமல் சீஷருக்குக் காட்டினார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

நிலவறை ஆலயம் 1996லேயே திறக்கப்பட்டு, மேலே பணி நடக்கும்போதே ஆராதனைக்கும் இசைக்கும் பயன்பட்டது. 2005 அக்டோபர் 30ஆம் நாள் முழு ஆலயமும் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கவென்ட்ரி பேராலயத்தின் ஆணிச்சிலுவையும் அவ்வாண்டிலேயே இங்கு வந்து சேர்ந்தது. தனக்கென உறுப்பினர் சபை இல்லாத இவ்வாலயம், நகரத்தாருக்கும் வழிப்போக்கருக்கும் நண்பகல் ஜெபத்திற்கும் இசைக்கும் உரையாடலுக்கும் கதவு திறக்கிறது.

ஆயினும் கட்டி முடித்த ஆலயம் ஒப்புரவு முடிந்ததற்கு அத்தாட்சியன்று. 2014 முதல் அயல்நாட்டார்மீது வெறுப்பை வளர்த்த கூட்டங்கள் டிரெஸ்டனிலேயே எழுந்து, இவ்வாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்திலும் கூடின. 2015 ஜனவரியில் பல்லாயிரவர் அதே இடத்தில் திரண்டு அவ்வெறுப்பை மறுத்தனர். கவிகை ஒருமுறை எழுப்பப்பட்டது. ஒப்புரவோ நாள்தோறும் எழுப்பப்பட வேண்டியிருக்கிறது.

நமக்குரியது

நம் சபைகளிலும் கட்டட நிதி சேர்க்கிறோம். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிறோம். கொடுத்தோர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம். எவ்வளவு சேர்ந்தது என்பதே பெரும்பாலும் நம் கணக்கு. நம்மைவிட்டுப் பிரிந்து வேறு கூரையின்கீழ் தொழுவோரிடம் நாம் கேட்டதுண்டா? வழக்காடி விலகிச் சென்ற குடும்பத்தாரின் காணிக்கையை மனமுவந்து பெற்றுக்கொள்வோமா? கேட்பது நம்மைத் தாழ்த்துகிறது. பெற்றுக்கொள்வது அதனினும் தாழ்த்துகிறது. பகைவன் தந்த சிலுவையைத் தன் உச்சியில் ஏற்றிக்கொண்ட நகரம், அப்போஸ்தலன் எருசலேமுக்காக ஏறெடுக்கச் சொன்ன ஜெபத்தின் பொருளை நமக்கு விளக்குகிறது. பழைய ஆலயத்தைக் காக்கப் புறப்படும் குருவானவர், மதிப்பீட்டுத் தாளைக் கையில் எடுக்குமுன் அந்த ஜெபத்தை ஏறெடுப்பாராக.