களைப்பைத் திருடும் மருந்து

கோவில்பட்டி பையன்களுக்குக் கிரிக்கெட்டுக்கு முன்னால் ஹாக்கிதான். தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் வேலைக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் பூமியில் மட்டை பிடித்து வளர்ந்தார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே ஆட்டத்தைப் பற்றித்தான் பேசும். இப்போது கிருஷ்ணா நகரில் செயற்கைத் தரை வந்துவிட்டது. அரசு விளையாட்டு விடுதியும் இருக்கிறது. 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் அந்த விடுதியில் பயின்ற இளைஞர்கள் ஆடினார்கள்.

சித்திரை வெயிலில் இந்தப் பக்கத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடம்பு ஒரு கட்டத்தில் ‘போதும்’ என்று சொல்லிவிடும். நாக்கு வறளும், கால் பின்னும், கண் இருட்டும். அந்தக் களைப்புதான் ஆட்டக்காரனுக்குக் காவல். அந்தக் காவலை அப்புறப்படுத்தும் மருந்துகளின் கதை நூறாண்டுக்கும் மேற்பட்டது. கரிசல் காட்டுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

1887-இல் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு பெர்லினில் ஆம்ஃபெட்டமினைத் தயாரித்தார். அதனால் என்ன பயன் என்று நாற்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் கார்டன் அல்லெஸ் என்ற வேதியியலாளர் அதைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். அடுத்த சில வருடங்களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழாயாக, ‘பென்செட்ரின்’ என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்தது. வாங்குவதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. குழாயை உடைத்தால் உள்ளே மருந்தில் ஊறிய காகிதச் சுருள் இருக்கும். ஜலதோஷமே இல்லாதவர்கள் அந்தச் சுருளை எடுத்து விழுங்கினார்கள், காப்பியில் நனைத்துக் குடித்தார்கள். தூக்கம் போனது, பசி போனது, உற்சாகம் வந்தது.

பிறகு போர் வந்தது. ஜெர்மன் ராணுவம் 1940-இல் பிரான்சுக்குள் நுழைந்த மாதங்களில் ஆம்ஃபெட்டமின் வம்சத்து ‘பெர்விட்டின்’ மாத்திரைகளைக் கோடிக்கணக்கில் படைகளுக்கு அனுப்பியது. மறுவருடமே ஜெர்மன் அரசே அதை அபின் சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜப்பானில் போர் முடிந்தபின் இதே வகை மருந்தின் மிஞ்சிய இருப்பு தெருவுக்கு வந்து, 1951-இல் தனிச் சட்டம் போடும் அளவுக்கு ஊரைப் பிடித்தது.

இந்தக் கதையில் கோவில்பட்டிக்கு மிக நெருக்கமானது பிரான்சின் வான்டூ மலையில் நடந்த ஒரு சாவு. 1967 ஜூலை 13. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், கடும் வெயில், மரமில்லாத மொட்டைக் கல்மலை. 29 வயதான இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் உச்சிக்குச் சற்று முன்னால் விழுந்தார். தூக்கி மறுபடி சைக்கிளில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தவர் எழவே இல்லை. சட்டைப் பையில் மாத்திரைக் குழாய்கள் இருந்தன. பிரேதப் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் தெரிந்தன. மருந்து அவருக்குப் புதுப் பலம் எதையும் கொடுத்துவிடவில்லை. உடம்பு கொதிக்கிறது, நிறுத்து என்ற எச்சரிக்கையை மட்டும் மறைத்தது. அதோடு உடல்சூட்டையும் ஏற்றியது. மறுவருடம், 1968-இல், ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துப் பரிசோதனை தொடங்கியது.

நம் ஊர்களில் இன்று கவலை தரும் மருந்து அதே வம்சத்தைச் சேர்ந்த மெஃபென்டர்மின். இதுவும் ஒரு காலத்தில் அமெரிக்காவில் மூக்குறிஞ்சிக் குழாயாக வந்து, அதே வழியில் கெட்டுப்போனதுதான். இந்தியாவில் இது ஆபரேஷன் தியேட்டர் மருந்து. சிசேரியனுக்காக முதுகுத்தண்டில் ஊசி போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்போது மயக்க மருத்துவர் சின்னக் குப்பி ஒன்றிலிருந்து கொஞ்சமாக எடுத்து ரத்தக்குழாயில் ஏற்றுவார். சில நிமிடங்களில் அழுத்தம் நிமிரும். எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றிய குப்பி அது. அதையே ஜிம்முக்குப் போகும் பையன்கள் கூட்டாளி சொல்லக் கேட்டுத் தாங்களே குத்திக்கொள்கிறார்கள். கூடுதலாக எடை தூக்கலாம், களைப்பே தெரியாது என்கிறார்கள்.

ஆனால் நாளாக ஆக அதே அளவு போதாமல் போகும். இந்திய மனநல மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கும் நோயாளிகளின் கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகின்றன: ஜிம்மில் அறிமுகம், ஏறிக்கொண்டே போகும் அளவு, தூக்கமின்மை, படபடப்பு, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இது இருக்கிறது. அந்த முகமையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் 3,865 மாதிரிகளைச் சோதித்து, 125-இல் தடைசெய்யப்பட்ட மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்டன.

விடுவதுதான் கஷ்டம். ஊசியை நிறுத்திய முதல் நாட்களில் அடித்துப் போட்டதுபோல் தூக்கம், அடங்காத பசி. அதன்பிறகு எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு. செத்துவிடலாம் என்ற எண்ணம்கூட வரலாம். இதைப் பார்க்கும் வீட்டார், ‘சோம்பேறியாகிவிட்டான்’ என்று திட்டுகிறார்கள். அது மிகப் பெரிய தவறு. சாராயத்துக்கும் அபினுக்கும் இருப்பதுபோல் இதன் பிடியைத் தளர்த்த நிரூபணமான தனி மருந்து கிடையாது. தூக்கம், சாப்பாடு, பேச்சுவழி சிகிச்சை, வீட்டாரின் துணை, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கு மருந்து. மெதுவாகத்தான் மீள முடியும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கனவே இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு அந்த அமைப்பு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டது. நோயாளி ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. குடும்பமும் ஊர்க்காரர்களும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த முகாம்கள் குடிநோயாளிகளுக்கானவை. ஊசிக்குப் பழகிய பையன்களுக்கும் அப்படி ஒரு முகாமைக் கோவில்பட்டி வட்டாரத்தில் நடத்தலாம். நடத்த வேண்டும்.

அதுவரை தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. போகும்போது குப்பியையோ அதன் லேபிளையோ கையில் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் முதலில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், 108-ஐ அழைத்து.