சீக்கியரின் குரு–சிஷ்ய பரம்பரை

‘சீக்கியர்’ என்னும் பெயர் ‘சிஷ்யர்’ என்னும் வடசொல்லின் பஞ்சாபி வடிவமே. தெய்வத்தின் பெயராலோ ஸ்தாபகரின் பெயராலோ அன்றிக் கற்போரின் பெயரால் ஒரு சமயம் வழங்கலாயிற்று என்பதை மனத்திற் கொண்டாலன்றி அதன் சரித்திரம் விளங்காது.

1469-இல் தல்வண்டியில் அவதரித்த குரு நானக், ரபாப் என்னும் நரம்புக் கருவியை இசைப்பதில் வல்லவரான மர்தானா என்னும் முஸ்லிம் அன்பரை உடன்கொண்டு நெடுந்தூரம் யாத்திரை செய்தபின், ராவி நதிக்கரையிலுள்ள கர்த்தார்பூரில் உழுதுண்டு வாழ்ந்தார். ஜ்வாலாமுகி தேவியின் தரிசனத்துக்கு அடியார்களை அழைத்துச் செல்லும் வழக்கமுடைய லெஹ்ணா என்பவர், அவரைக் காண வந்து, அங்கேயே தொண்டராகத் தங்கிவிட்டார். 1539-இல் நானக், தம் புதல்வர் இருவரும் இருக்கவும், லெஹ்ணாவைத் தம் அங்கமாகக் கருதி அங்கத் எனப் பெயர் சூட்டி, ஐந்து காசும் ஒரு தேங்காயும் அவர்முன் வைத்து வணங்கினார் என்பது மரபு. குருவே சீடனைத் தொழுத அந்த ஒரு செயல் பின்வந்த அனைத்திற்கும் வித்தாயிற்று.

இப்பரம்பரையில் நம் நெஞ்சை மிகவும் உருக்குவது அமர்தாஸின் தொண்டு. ஹரித்துவார யாத்திரைகளிலே பல்லாண்டு கழித்த வைஷ்ணவரான அவர், தம் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அங்கத்தின் புதல்வி பீபி அம்ரோ பாடிய நானக்கின் பாடல்களைக் கேட்டு, அறுபது வயதுக்குமேல், தம்மினும் இருபத்தைந்து ஆண்டு இளையவரான அங்கத்தைக் குருவாக வரித்தார். நாடோறும் விடியுமுன் பியாஸ் நதியில் நீர் முகந்து, குருவின் ஸ்நானத்துக்காக அவர் வாழ்ந்த கதூருக்குச் சுமந்து சென்ற அம்முதியவர், ஒரு மழையிரவில் நெசவாளர் தறிக்குழியில் இடறி விழுந்தும் குடத்து நீரைச் சிந்தவிடவில்லையாம். ‘போக்கிடமற்ற அம்ரு’ என்று தறிக்காரர் மனைவி இகழ்ந்ததைக் கேள்வியுற்ற குரு, போக்கற்றோர்க்கெல்லாம் அவரே புகலிடம் எனப் பகர்ந்து, 1552-இல் தம் ஸ்தானத்தை அவருக்கே அளித்தார். குருவைக் காண வருவோர் யாவராயினும் முதலில் லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் சமபந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று அவர் விதித்தமைக்கு, அவ்விகழ்ச்சியை ஏற்ற உள்ளமும் ஒரு காரணமாதல் கூடும்.

அவர் மருமகனார் ராம்தாஸ் அமிர்தசரஸை நிறுவினார். அவருக்குப்பின் குருபீடம் அவர் சந்ததியிலேயே நிலைத்தது. ஐந்தாம் குரு அர்ஜுன் 1604-இல் ஆதிகிரந்தத்தைத் தொகுத்தபோது கபீர், ரவிதாஸ், நாமதேவர், சூபி ஞானி பரீத் முதலியோரின் வாக்குகளையும் அதில் சேர்த்தார். அவர் 1606-இல் லாகூரில் உயிர்த்தியாகம் செய்தார். ஒன்பதாம் குரு தேக்பகதூர் 1675-இல் தில்லியில் சிரச்சேதம் செய்யப்பட்டபோது மதிதாஸ், சதிதாஸ், தயாளா என்னும் சீடர் மூவரும் அவரோடு உயிர் துறந்தனர்.

1699-இல் ஆனந்தபூரில் பத்தாம் குரு கோவிந்தர் தலை கொடுப்போர் யாரென்று வினவ, லாகூர், ஹஸ்தினாபுரம், பூரி ஜகந்நாதம், துவாரகை, பீதர் ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஐவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். அவருள் ஒருவர் நீர் சுமக்கும் குலத்தவர், மற்றொருவர் நாவிதர். அவர்களுக்கு அமிர்தம் அளித்துக் கால்சா என்னும் தீக்ஷை பெற்றோர் சங்கத்தைத் தோற்றுவித்த குரு, உடனே கைகூப்பி நின்று அவ்வைவரிடமே தாமும் தீக்ஷை பெற்றார். 1708-இல் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேட்டில் அவர் உயிர் பிரியுமுன், மானிட குரு இனி இல்லையெனக் கூறி, கிரந்தத்தின்முன் ஐந்து காசும் தேங்காயும் வைத்து வணங்கினார் என்பர்.