பூனையின் தவமும் முரளியின் முழங்கையும்

மாமல்லபுரம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அர்ஜுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே இளநீர்க் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே, இடதுபக்கம் விலா எலும்புகள் துருத்த, ஒற்றைக் காலில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒருவர் தவம் செய்துகொண்டிருப்பார். (அவர் அர்ஜுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் குறுக்கே போக வேண்டாம்!) அப்படியே கண்ணை வலதுபக்கம் கீழே இறக்கி, பெரிய யானைக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். அங்கே ஒரு பூனை. அச்சு அசலாக அதே போஸ்! சுற்றிலும் எலிகள்.

ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவர் அடித்த ஜோக் அது. மகாபாரதத்திலும் இந்தப் போலித் தவப் பூனை வருகிறது. பாண்டவர்களை நக்கலடிக்க, துரியோதனன் தூதுவனிடம் சொல்லியனுப்பும் கதை.

இரண்டும் தூக்கிய கைதான். ஒன்று நிஜம், இன்னொன்று டூப். வெறும் கையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு அந்தப் பக்கத்தில் பிறந்த ஒரு தமிழரின் கையைப் பார்த்து, கிரிக்கெட் உலகம் 15 வருடம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. முத்தையா முரளிதரன்!

1995, டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானம். சுமார் 55 ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முரளி பந்து போட வருகிறார். அம்பயர் டேரல் ஹேர் கையை நீட்டி 'நோ பால்' என்கிறார். கோட்டைத் தாண்டிவிட்டோமோ என்று முரளி காலைப் பார்க்கிறார். கால் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு கையில் என்கிறார் அம்பயர். மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை! கேப்டன் ரணதுங்கா அவரை எதிர் முனைக்கு மாற்றினார். அங்கே நின்ற அம்பயருக்கு அதே கை சரியாகத் தெரிந்தது. கூத்தைப் பாருங்கள்!

நம் தெருக் கிரிக்கெட்டில் இதற்கு அழகான ஒரு பெயர் உண்டு. 'மாங்கா'. பந்தைப் போடாமல், மாங்காய் அடிப்பதுபோல் எறிவது. "டேய், மாங்கா போடுறான்டா!" என்று கத்தாமல் வளர்ந்த பையன் தமிழ்நாட்டில் இருக்க மாட்டான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கை மடங்கியிருப்பது குற்றமே இல்லை. மடங்கிய கை, பந்தை விடுகிற நேரத்தில் 'விசுக்'கென்று நிமிர்ந்தால்தான் குற்றம். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கையை முழுசாக நீட்ட முடியாது. போதாததற்கு, ரப்பர் மாதிரி சுழலும் மணிக்கட்டு. 1996-ல் பெர்த்திலும் ஹாங்காங்கிலும் இருக்கிற பல்கலைக்கழகங்களில் அவரை நிற்கவைத்து, சுற்றிலும் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். எறிவதுபோல் தெரிவது கண்ணுக்கு ஏற்படும் மயக்கம் என்றது முடிவு.

அதோடு விட்டார்களா? 1999-ல் அடிலெய்டில் மறுபடி நோ பால். ரணதுங்கா அணியையே பவுண்டரிக் கோடு வரை அழைத்துப்போய்விட்டார். 2004-ல் 'தூஸ்ரா' பந்தின் மேல் புகார். மறுபடி பெர்த், மறுபடி கேமரா. இந்த முறை 14 டிகிரி நிமிர்கிறது என்று வந்தது. அப்போது சுழற்பந்துக்கு அனுமதி 5 டிகிரிதான். ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே, 'ஆமாம், அவர் எறிகிறார்' என்ற அர்த்தத்தில் பேசிவைத்தார். ஒரு நாட்டின் பிரதமருக்கு வேறு வேலையில்லாத நாள்போல! முரளி அந்த வருட ஆஸ்திரேலியப் பயணத்துக்கே போகவில்லை.

ஆனால், அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எல்லாப் பந்துவீச்சாளர்களையும் அதே மாதிரி கேமராவில் ஆராய்ந்தது ஐ.சி.சி. பார்த்தால், குச்சி மாதிரி நேரான கை என்று நாம் கும்பிட்டுக்கொண்டிருந்த வேகப்பந்து மன்னர்கள் உட்பட, ஏறக்குறைய எல்லோருமே கொஞ்சம் 'மாங்கா' பேர்வழிகள்தான்! கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று விதி வந்தது.

"முரளிக்காகச் சட்டத்தையே வளைத்துவிட்டார்கள்" என்பவர்கள் இன்றைக்கும் உண்டு. பிஷன் சிங் பேடி மாதிரி பெரிய மனிதர்களே முரளியின் பந்துவீச்சைக் கடுமையாகத் திட்டியவர்கள். அதைப் பொறாமை என்று சொல்லி ஒதுக்க மாட்டேன். 14 டிகிரி வந்த பிறகு 15 டிகிரி என்று விதி வந்தால், யாருக்குமே புருவம் உயரத்தான் செய்யும்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னொரு கூத்து. பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ், ஹேங்க் ஆரனின் 755 ஹோம் ரன் சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். (ஹோம் ரன் என்பது நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி.) ஊக்க மருந்து விவகாரத்தில் அவர் பெயர் நாறிக்கொண்டிருந்தது. 'ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தேன்' என்று அவர் விசாரணையில் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. சொந்த ஊர் சான்ஃபிரான்சிஸ்கோவில் கைதட்டல், வெளியூரில் ஊளை. 2007 ஆகஸ்ட் 7-ல் 756-வது அடித்தார். அந்தப் பந்தை மார்க் எக்கோ என்ற ஃபேஷன் டிசைனர் 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, என்ன செய்யலாம் என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டார். ஒரு நட்சத்திரக் குறியைப் பந்தில் பொறித்து மியூசியத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அப்படியே அனுப்பினார். 'சாதனைதான், ஆனால்...' என்று அதற்கு அர்த்தம்!

முரளி முந்த வேண்டியிருந்தது ஷேன் வார்னின் 708 விக்கெட்டுகளை. அந்த வார்ன் 2003-ல் தடை செய்யப்பட்ட மாத்திரை சாப்பிட்டு ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தவர். 'அம்மா கொடுத்தார், உடம்பு இளைக்கச் சாப்பிட்டேன்' என்றார். திரும்பி வந்தபோது ஆஸ்திரேலிய ரசிகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். முரளிக்கு மட்டும் 'நோ பால்' கோஷம்!

பாண்ட்ஸுக்கும் முரளிக்கும் எனக்குத் தெரிந்து ஒரே வித்தியாசம்தான். சந்தேகப்பட்டபோதெல்லாம் முரளி கையைக் கொண்டுபோய்க் கேமரா முன்னால் நீட்டினார். 2004-ல் இரும்புக் கம்பி வைத்த பட்டையை முழங்கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிமிர்த்தவே முடியாத நிலையில், டி.வி-க்காகத் தூஸ்ரா உட்பட எல்லாப் பந்துகளையும் போட்டுக் காட்டினார். பூனை அப்படி நிற்காது சார்!

நம்ம சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் ஜாஸ்தி. 1997 மே மாதம் சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194 ரன் அடித்து விவியன் ரிச்சர்ட்ஸின் 189-ஐ முறியடித்தார். பாதிக்கு மேல் அவருக்காக ஓடியது அஃப்ரிதி! அடுத்தவன் காலில் ஓடி எடுத்த சாதனை என்று புலம்பியவர்கள் உண்டு. இருந்தும் எழுந்து நின்று தட்டினார்கள். 1999-ல் 12 ரன்னில் இந்தியா தோற்ற டெஸ்ட்டில், அப்படித் தட்டிப் பாகிஸ்தான் அணியை மைதானத்தைச் சுற்றி வரவைத்த கதை உங்களுக்குத் தெரிந்ததே.

அப்படியென்றால் முரளிக்குத் தட்ட வேண்டியதுதானே? முழங்கைக்காக என்றால், நான் எப்போதோ தட்டியாகிவிட்டது. சிக்கல் அதுவல்ல.

முரளியின் தாத்தா 1920-ல் தேயிலைத் தோட்டத்து வேலைக்காக இங்கிருந்து போனவர். பிற்காலத்தில் திருச்சிக்கே திரும்பி வந்துவிட்டார். மகன் கண்டியிலேயே தங்கி பிஸ்கட் தொழிற்சாலை வைத்தார். 1977 கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. அந்த வீட்டுப் பையன்தான் இலங்கைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிங்கள ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். 2009-ல் போர் முடிந்ததை மகிழ்ச்சியான விஷயமாகப் பேசினார், 2019-ல் கோத்தபய ராஜபக்சவை ஆதரித்தார். இங்கே கொந்தளித்தது. 2020-ல் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். விலகச் சொல்லிக் கேட்டுக்கொண்டவர் முரளியேதான்! 'இரண்டு பக்கமும் சாவு நின்றதைத்தான் சொன்னேன்' என்று விளக்கமும் கொடுத்தார்.

செங்கல்பட்டில் இலங்கைத் தமிழர்களை வைத்திருந்த 'சிறப்பு முகாம்' ஒன்று பல வருடங்கள் இருந்தது. அங்கே இருந்தவரிடம் போய், 'முரளிக்குக் கை தட்டுங்கள்' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. 'தட்டாதே' என்று எனக்குச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. கேட்பேனா என்பது வேறு விஷயம்.

2004 சுனாமியன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, மணலுக்குள் கிடந்த பழைய சிற்பங்கள் வெளியே தெரிந்தன. அதே அலை காலி மைதானத்தைத் துடைத்தெடுத்தது. அன்றும் டிசம்பர் 26-தான். லாரி லாரியாக நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கரையோரம் அலைந்தவர்களில் முரளியும் ஒருவர். பொருள் வாங்கியவர்கள் அவரிடம் முழங்கையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுபடி கட்டிய அந்தக் காலி மைதானத்தில்தான் அவருடைய கடைசி டெஸ்ட். இந்தியாவோடு. கையில் 792 விக்கெட். எட்டு வேண்டும்! 2010 ஜூலை 22, கடைசி நாள். 799-ல் நிற்கிறார். இந்தியாவின் கடைசி ஜோடி இஷாந்த் சர்மாவும் ஓஜாவும் நகர மறுக்கிறார்கள். மறு முனையில் மலிங்கா. அவர் ஒரு விக்கெட் எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

அன்று நான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். இந்தியா தோற்கிற கவலையே அங்கே யாருக்கும் இல்லை. மலிங்கா பந்து போடும்போதெல்லாம், "ஓஜா... தடுத்துடுறா சாமி!" என்று வேண்டிக்கொண்டிருந்தார் டீ மாஸ்டர்.

"ஏண்ணே, மாங்கா போடுறவருக்கா இவ்வளவு வேண்டுதல்?" என்றான் ஒரு காலேஜ் பையன்.

"தம்பி, நீ ஒரு 800 மாங்கா அடிச்சுட்டு வா. உனக்கும் வேண்டிக்கிறேன்."

முரளியின் பந்து ஓஜாவின் மட்டையில் பட்டு, ஸ்லிப்பில் ஜெயவர்தனே கையில் போய் உட்கார்ந்தது. கடையே கை தட்டியது, அந்தப் பையன் உட்பட. ஒருவர் மட்டும் தட்டவில்லை. பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்து நடந்தார். மாஸ்டர் மீதிச் சில்லறையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்.