எண் யார் கையில்? நீரிழிவுச் சுய பராமரிப்பில் கணினிக் கருவிகளின் வரலாறு

நீரிழிவுக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கருவி சிறுத்த கதையாகவே எழுதப்படுகிறது. மேசைமேல் இருந்த பெட்டி கைப்பைக்குள் போனது. பிறகு கைபேசிக்குள் போனது. அது உண்மைதான் என்றாலும், சில கருவிகள் நோயாளிக்கு உதவியதற்கும் சில உதவாமல் போனதற்குமான காரணத்தை அந்தக் கதை சொல்வதில்லை. சர்க்கரை அளவைக் காட்டும் எண்ணை முதலில் பார்த்தவர் யார், பார்த்த கையோடு இன்சுலினையோ உணவையோ மாற்றும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்விகளோடு அதே வரலாற்றைப் படித்தால் வேறொரு வரிசை புலப்படுகிறது. முக்கியமான கருவிகள் பலவும் முதலில் மருத்துவருக்கென்றே உருவாயின. நோயாளியிடம் தாமதமாகவே வந்து சேர்ந்தன. எண்ணும் அதன்மேல் எடுக்கும் முடிவும் ஒரே கையில் சேர்ந்த இடத்தில்தான் பெரும்பயன் கிட்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோயாளிக்குத் தெரிந்ததெல்லாம் சிறுநீரின் நிறம்தான். பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறமாகும். அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலைமையையே சொல்லும். சர்க்கரை தாழ்ந்துபோவதைக் காட்டவே காட்டாது. 1970 வாக்கில் ஏம்ஸ் நிறுவனத்தின் மீட்டர் வந்தது. பட்டையில் ரத்தச் சொட்டை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரால் கழுவி உள்ளே செருகினால் முள் அசைந்து அளவைக் காட்டும். ஆனால் அது மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. சிறுவயது முதல் நீரிழிவோடு வாழ்ந்த அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான மனைவியின் பெயரில் அதை வாங்கினார். நாளுக்குப் பலமுறை அளந்து இன்சுலினையும் உணவையும் தானே திருத்திக்கொண்டார். அவர் எழுதிய கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டியபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து அவரே மருத்துவரானார். வீட்டிலேயே அளந்துகொள்வதை ஆதரிக்கும் ஆய்வுகள் 1978இல் இங்கிலாந்திலிருந்து லான்செட் இதழில் வெளியான பிறகே மருத்துவ உலகம் இசைந்து வந்தது.

மீட்டர் வீட்டுக்கு வந்தும் அதிகாரம் உடன் வந்துவிடவில்லை. 1984இல் மாஸி என்பவரும் உடன் ஆய்வாளர்களும், நினைவகச் சில்லு இருப்பதைச் சொல்லாமலே நோயாளிகளுக்கு மீட்டர்களைக் கொடுத்து, அவர்கள் நோட்டில் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். அளக்காத அளவுகள் நோட்டில் இருந்தன. அளந்த உயர் அளவுகள் சில விடுபட்டிருந்தன. இதை நோயாளியின் பொய் என்று படிப்பது எளிது. அந்த நோட்டு யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் வேறு விடை வருகிறது. அது மருத்துவர் திருத்தும் விடைத்தாளாக இருந்தது. மதிப்பெண்ணுக்கு எழுதுபவர் அப்படித்தான் எழுதுவார். 1993இல் முடிவு வெளியான டி.சி.சி.டி. ஆய்வு இதன் மறுபக்கம். முதல்வகை நீரிழிவு உள்ள 1,441 பேரில் தீவிரச் சிகிச்சைப் பிரிவினர் நாளுக்கு நான்கு முறையாவது அளந்து, அந்த அளவைப் பார்த்தே இன்சுலினை மாற்றிக்கொண்டனர். தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களிடம் அது உண்டாகும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது.

ஆனாலும் மென்பொருளின் தயக்கம் நீடித்தது. லண்டனில் உருவாகி 1996இல் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்ட ஏய்டா, உணவும் இன்சுலினும் ஒரு நாளின் சர்க்கரையை எப்படி ஏற்றி இறக்கும் என்று திரையில் வரைந்து காட்டியது. இன்சுலின் அளவுக்கு ஆலோசகர் என்பதே அதன் பெயர்ப்பொருள். பயிற்சிக்கு மட்டும், சிகிச்சைக்கு அல்ல என்பது உடன் வந்த எச்சரிக்கை. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தொடர் அளவீட்டுக் கருவி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 288 அளவுகளைப் பதிந்தது. மூன்று நாள் உடலில் சுமந்தவர் அவற்றில் ஒன்றையும் பார்க்க முடியாது. மருத்துவர் கணினியில் இறக்கிய பிறகுதான் தெரியும்.

பின்னாள் கருவிகளில் எண் நோயாளிக்குத் தெரிந்தாலும், அது கருவிக்குள்ளேயே பூட்டியிருந்தது. அந்தப் பூட்டை 2013இல் நோயாளிகளும் அவர்களின் குடும்பங்களுமே உடைத்தனர். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் காஸ்டிக், மகனின் சர்க்கரை அளவை அலுவலகத்திலிருந்தே பார்க்க நிரல் எழுதினார். சர்க்கரை அளவைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் என்ற மென்பொருள் அதிலிருந்து வளர்ந்தது. கருவியின் எச்சரிக்கை ஒலி தூக்கத்திலிருந்து எழுப்பவில்லை என்பதால், தானே நீரிழிவோடு வாழும் டேனா லூயிஸ் அதே நிரலைக் கொண்டு உரத்த ஒலியை அமைத்தார். அதிலிருந்து முன்கணிப்பும், அதிலிருந்து இன்சுலின் பம்பைத் தானே இயக்கும் ஓபன்ஏபிஎஸ் மென்பொருளும் பிறந்தன. அது 2015இல் எல்லோருக்கும் திறந்துவைக்கப்பட்டது. அதே வேலையை ஓரளவு செய்யும் நிறுவனக் கருவிக்கு அமெரிக்க அனுமதி 2016இல்தான் கிடைத்தது.

உயிர்காக்கும் மருந்தைச் சோதிக்கப்படாத நிரலிடம் விடலாமா என்ற மறுப்பு வலுவானது. டி.சி.சி.டி.யிலேயே தீவிரப் பிரிவில் கடுமையான தாழ்சர்க்கரை மும்மடங்கு நேர்ந்தது. இதற்கான விடை 2022இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. 97 பேரிடம் நடந்த கிரியேட் ஆய்வில் ஓபன்ஏபிஎஸ் வழிமுறையைப் பயன்படுத்தியவர்கள், சர்க்கரை உரிய வரம்புக்குள் இருந்த நேரத்தில் மற்றவர்களைவிட 14 சதவீதப் புள்ளிகள் முன்னே இருந்தார்கள். கடுமையான தாழ்சர்க்கரை இரு பிரிவிலும் நேரவில்லை. மறுப்பு முன்வைத்த தேவை நியாயமானது. அது சோதனையைக் கோரியது. சோதித்தபின் நோயாளியிடமிருந்து கருவியைப் பறிக்க அது காரணமாகாது.

இரண்டாவது மறுப்பு எண்களிலிருந்து வருகிறது. இரண்டாம்வகை நீரிழிவுக்கான கணினிவழிச் சுய பராமரிப்பை 16 ஆய்வுகள், 3,578 பேர் வழியாக மதிப்பிட்ட 2013ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 0.2 சதவீதப் புள்ளியே குறைந்ததாகக் கண்டது. இன்சுலின் போடாத 453 பேரிடம் 2007இல் நடந்த பிரிட்டன் ஆய்வும், வீட்டில் அளப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றது. இவை என் வாதத்தைக் குலைப்பவை போலத் தோன்றும். ஆனால் இன்சுலின் போடுபவர் மீட்டரில் 240 என்ற உயர் அளவைப் பார்த்தால் அடுத்த ஊசியை மாற்றலாம். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர் அதே 240ஐ வைத்துக்கொண்டு அந்த நிமிடம் செய்யக்கூடியது சொற்பம். செயலுக்கு வழியில்லாத எண் கவலையைத்தான் கூட்டும். காக்ரேன் தொகுப்பிலேயே கைபேசி வழிகளில் குறைவு 0.5 ஆக இருந்தது. மூன்று ஆய்வுகள், 280 பேர் மட்டுமே என்பதால் அதை உறுதிப்பாடாகக் கொள்ள முடியாது. சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் இருக்கும் கருவி, மருத்துவமனைத் திரையைவிட முடிவுக்கு அருகில் இருக்கிறது என்ற குறிப்பாகக் கொள்ளலாம்.

என் வாதத்தைத் திருத்தவைக்கும் சான்று சென்னையிலிருந்து வருகிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டு ஆண்டு அனுப்பினார்கள். 2013இல் வெளியான முடிவில் அவர்களில் 18 சதவீதத்தினருக்கும், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. அங்கே யார் கையிலும் மீட்டர் இல்லை. ஆனால் எவ்வளவு சோறு, எவ்வளவு தூரம் நடை என்ற முடிவுகள் ஏற்கெனவே அவர்களுடையவை. செய்தி அந்த முடிவுகளைத்தான் தொட்டது. ஆகவே எண்ணைக் காட்டுவதைவிட, முடிவெடுப்பவரின் கைக்கு எட்டுவதே கருவியின் அடிப்படை வேலை. புதிதாக வரும் செயலியை மதிப்பிடும்போது, அது எத்தனை வரைபடம் காட்டுகிறது என்பதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: திரையைப் பார்த்த பின் அந்த நோயாளி, யாரிடமும் அனுமதி கேட்காமல், எதை மாற்றிக்கொள்ள முடியும்?