நெருப்பில்லாமல் புகையுமா?

ஒரு பொருள் இருக்கிறது. ஆனால், எந்த டெலஸ்கோப்பிலும் தெரியாது! இப்படி யாராவது சொன்னால், ஆசாமி பேயைப் பற்றிப் பேசுகிறார் என்றுதானே நினைப்பீர்கள்? 1933-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி சொன்னபோதும் பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. 'கோமா' கூட்டத்தில் கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்துக்கு எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஈர்த்துப் பிடித்திருக்கிறது என்றார் அவர். 1970-களில் வேரா ரூபின், கேலக்ஸிகளின் ஓரத்து நட்சத்திரங்களும் வேகம் குறையாமல் சுற்றுவதைக் காட்டிய பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த மர்ம ஆசாமிதான் 'டார்க் மேட்டர்'... கரும்பொருள்!

சரி, தெரியாததை எப்படிப் பிடிப்பது? நெருப்பு தெரியாவிட்டால் புகையைத் தேட வேண்டியதுதான்! கரும்பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர்கள் கிளம்பலாம் என்பது கணக்கு. அந்தக் கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி டெலஸ்கோப்பை 2008 ஜூனில் விண்ணுக்கு அனுப்பியது நாசா. அடுத்த வருடமே லிசா குடினஃப், டான் ஹூப்பர் இருவரும் அதன் பதிவுகளை அலசினார்கள். சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, நம் பால்வீதியின் நட்டநடுவில், கணக்குக்கு மேல் காமா வெளிச்சம்!

பிடித்தாச்சா? அதுதான் இல்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும் பல்சர்கள், அதாவது செத்த நட்சத்திரங்கள், கூட்டமாக இருந்தாலும் இதே வெளிச்சம் வரும் என்றது எதிர்த்தரப்பு. 2015-ல் ட்ரேசி ஸ்லேட்டியர் இடம்பெற்ற குழு, வெளிச்சம் சீராகப் பரவவில்லை, புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றது. பல்சர் கட்சிக்கு ஏக குஷி!

இனிமேல்தான் விஷயமே. 2019-ல் அதே ஸ்லேட்டியர், ரெபெக்கா லீனுடன் சேர்ந்து ஒரு காரியம் செய்தார். பதிவுகளுக்குள் போலியான கரும்பொருள் வெளிச்சத்தைத் தாங்களே கலந்து, அந்தக் கணக்குமுறையிடம் கொடுத்தார்கள். அது அதையும் புள்ளிகள் தலையில் கட்டிவிட்டது! தான் முன்பு நம்பிய தராசையே ஒருவர் சோதித்துப் பார்க்க, முடிந்ததாக நினைத்த வழக்கு மறுபடி திறந்துகொண்டது.

கரும்பொருள் நிறைந்த குட்டி கேலக்ஸிகளையும் ஃபெர்மி துழாவியது. அங்கே தெளிவான சமிக்ஞை எதுவும் சிக்கவில்லை. வேரா ரூபின் 2016 டிசம்பரில் காலமானார், விடை தெரியாமலேயே.

புகை இருப்பது நிஜம். அடுப்பு எது என்பதில்தான் இன்னமும் சண்டை!