ஆவணம்: ஒரு சொல்லின் வில்லங்கம்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் எழுதித் தருபவரின் அரசு உரிமத்தில் இருக்கும் பெயர் ‘ஆவண எழுத்தர்’. அவரைத் தேடி வருகிறவர்கள் கேட்பதோ பத்திரம். வடமொழியில் பத்திரம் என்றால் இலை. நம் ஓலையும் இலைதான். எதில் எழுதினார்களோ அதுவே பெயராகிவிட்டது. ஆவணம் அப்படிப் பிறந்த சொல் அல்ல.

அகராதியில் ஆவணத்துக்குக் கடைத்தெரு என்றும் பொருள் உண்டு, உரிமை என்றும் உண்டு, அடிமைத்தனம் என்றும் உண்டு. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் ‘ஆவண மாக்கள்’ வருகிறார்கள். கயிறு கட்டிய குடத்தின் முத்திரையைப் பார்த்து, பிறகு அதை உடைத்து ஓலையை எடுக்கிறார்கள். குடவோலைத் தேர்தலுக்கே இதை மேற்கோள் காட்டுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முத்திரை. ஓலை என்ன சொல்கிறது என்பதற்கு முன், அதில் யாரும் கை வைக்கவில்லை என்பது உறுதியாக வேண்டும்.

பிற்காலக் கல்வெட்டுகளில் நிலம் விற்றவர்கள் எழுதிக்கொடுத்தது ‘விலையாவணம்’. இதுவே விலையாவணம், பணம் முழுதும் பெற்றதற்கான ஓலையும் இதுவே, வேறு ஓலை காட்டத் தேவையில்லை என்று அதிலேயே எழுதிவிடுவார்கள். விலை பேசியதும் பணம் கைமாறியதும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஆவணத்தின் முழு வழக்கு நடப்பது பெரியபுராணத்தில்தான். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், நீ என் அடிமை என்று ஓலை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் சபையோ ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது. நெடுநாள் வழக்கம், எழுத்து, சாட்சி என்று இன்று சொல்லலாம். மூல ஓலை வந்ததும் சபை அதை அப்படியே நம்பிவிடவில்லை. அதில் இருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த அவருடைய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு. 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாருக்கு நீதிமன்ற நடைமுறை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அந்த மூல ஓலையின் வாரிசு மூலப்பத்திரம். இன்று பதிவான கிரயப் பத்திரத்தை யாராவது கிழித்தாலும் வழக்கு முடிந்துவிடாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அதன் பிரதி அலுவலகப் புத்தகத்தில் இருக்கும்; சான்றிட்ட நகல் வாங்கி, மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்கலாம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்கும்போது பத்திரத்தைப் பதியாமல் விட்டால், விற்றதற்குச் சான்றாக அதை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. பட்டாவின் கதை வேறு. அது வருவாய்த்துறைக் கணக்கு. பட்டா மட்டுமே கையில் இருந்தால் சொத்து நம்முடையது ஆகிவிடாது.

இதற்குள் ஆவணம் நிலத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. ஆவணப்படம், ஆவணக் காப்பகம் என்று எல்லா எழுத்துக்கும் பதிவுக்கும் பொதுப்பெயர். உரிமை என்ற பழம்பொருள் வழக்கில் உதிர்ந்துபோயிற்று. சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. விற்றவருக்கு உரிமை இல்லாவிட்டால், முறைப்படி பதிந்த பத்திரமும் வாங்கியவருக்கு அதைத் தராது. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சொத்து யாருடையது என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்றே சொன்னது.